இல்லக் கல்வியும் அரசின் கண்ணும்

சென்ற வைகாசி மாதம், ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், பெருநகரத்துக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் வாழும் என் தம்பியின் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "பெரியப்பா, நீங்கள் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்திலே படிப்பித்தவர். கோபியாமல் வாசியுங்கள். மகனைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறோம்" என்று அது தொடங்கிற்று. கோபியாமல் வாசிக்க என்னால் முடியவில்லை. வாழ்நாளிற் பாதியை வகுப்பறையிற் கழித்தவன் நான். ஊரெங்கும் வீடு வீடாய்ச் சென்று, "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று தாய்மாரிடம் மன்றாடியவன். படித்த பெற்றோர் இருவர் தாமாகவே பிள்ளையை மறித்து வைப்பதென்றால் அதனை எவ்வாறு பொறுப்பது?

காரணத்தை வாசித்தபின் கோபம் தணிந்தது. பையனுக்கு எட்டு வயது. அந்நாட்டுப் பாடசாலைகள் பெரும்பாலானவற்றிற் போலவே அவனுடைய பாடசாலையிலும், துப்பாக்கியோடு எவனாவது உட்புகுந்தால் என்ன செய்வதென்பதற்கு ஆண்டிற் சில தடவை ஒத்திகை நடத்துவர். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகள் சுவரோரமாக ஒண்டி, மூச்சுக் காட்டாமல் இருத்தல் வேண்டும். மூன்றாவது ஒத்திகைக்குப் பின்னர் அவன் இரவிலே விளக்கை அணைக்க விடுவதில்லை. காலை வந்தால் வயிற்றுவலி. வாசிப்பில் முன்னின்ற பிள்ளை வகுப்பிலே வாய் திறப்பதையே விட்டுவிட்டான். பாடசாலை முற்றத்திற் பதுங்குகுழி வெட்டி, விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை அதற்குள் இறக்கிய ஆசிரியருள் நானும் ஒருவன். இருட்டுக் குழியினுள்ளே அவர்களுடைய முகங்கள் இருந்த இருப்பை நான் மறந்தேனல்லேன். ஆதலின் அவளோடு வாதாட மனம் எழவில்லை.

கடிதத்தின் பிற்பகுதியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "இங்கே வீட்டிலே படிப்பிக்கிறவர்களுக்குப் புத்தகமும் சங்கமும் நிறைய உண்டு. எங்கள் பக்கத்திலே உள்ளவை பெரும்பாலும் கிறிஸ்தவச் சபைகளைச் சார்ந்தவை. சங்கத்திலே சேருவதென்றால் விசுவாசப் பிரகடனத்திலே கையெழுத்து வைக்க வேண்டுமாம். எங்களுக்குத் தேவாரம் சுவாமி அறையிலே இருக்கட்டும், உயிரியல் மேசையிலே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாள்.

சமயச் சார்பற்ற இல்லக் கல்வி என்று அந்நாட்டில் வழங்குவது இதுவே. சமயமற்றவர்களின் கல்வி என்று அதனைப் பொருள் கொள்வது தவறு. அதனை நாடுவோருள் கடவுளை நம்பாதோரும் உளர்; சைவரும் இஸ்லாமியரும் யூதரும் உளர்; ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் கிறிஸ்தவரும் உளர். எண்ணும் எழுத்தும் விஞ்ஞானமும் வரலாறும் ஒரு மதத்தின் வாய்வழியாக வாராமல் தத்தம் இயல்பிலே பிள்ளையை அடையவேண்டும் என்பதொன்றே அவர்களை ஒன்றுசேர்க்கிறது. யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதிய சங்கடமன்று. அமெரிக்க மிசனரிமார் 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கியதும், 1848 ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் நம்மூர்ச் சரித்திரம். கல்வி வேண்டும், அதனோடு கட்டி வரும் மதம் வேண்டாம் என்று நம் பாட்டன்மார் பட்ட பாட்டை, அம்மிசனரிமாரை அனுப்பிய நாட்டிலேயே இன்று என் தம்பி மகள் படுகிறாள். நாவலர் தம் மதத்துக்குரிய பள்ளியை எழுப்பி விடை கண்டார். இவளோ எந்த மதமும் பாடத்துட் புகவேண்டாம் என்கிறாள். இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன்.

அமெரிக்காவிலே வீட்டிற் கற்பிப்போர் யாவரும் மதத்தின் பொருட்டே அவ்வாறு செய்கின்றனர் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. எனக்கும் இருந்தது. அந்நாட்டு மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர நிலையம் 2016 இல் எடுத்த கணக்கிலே, முதன்மையான காரணம் யாதென்று கேட்டபோது, பாடசாலைச் சூழல் பற்றிய கவலை என்றோர் நூற்றுக்கு 34 பேர். கற்பித்தலிலே திருப்தியின்மை என்றோர் 17 பேர். சமயபோதனை என்றோர் 16 பேர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆம் ஆண்டு வசந்தத்திற்கும் இலையுதிர் காலத்திற்கும் இடையே, பிள்ளைகளுள்ள குடும்பங்களில் இல்லக் கல்வி நடத்துவன நூற்றுக்கு 5.4 இலிருந்து 11.1 ஆக உயர்ந்தன என்று குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் கண்டது. கறுப்பின மக்களிடையே அவ்வுயர்வு 3.3 இலிருந்து 16.1 வரை சென்றது. இத்தனை பேரும் விசுவாசப் பிரகடனத்தோடு வந்தவரல்லர்.

ஆயினும் அவர்கள் வந்து நிற்கும் சட்டம், பெரும்பாலும் விசுவாசிகள் போராடிப் பெற்ற சட்டம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவிற் கல்வி மத்திய அரசின் பொறுப்பன்று. ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சட்டம் வகுத்துக்கொள்ளும். கட்டாய வரவுச் சட்டத்தை முதலில் இயற்றியது மசச்சூசெற்ஸ், 1852 இல். கடைசியாக இயற்றியது மிசிசிப்பி, 1918 இல். பிள்ளைகள் யாவரும் அரசாங்கப் பள்ளிக்கே செல்லவேண்டும் என்று ஒரிகன் மாநிலம் 1922 இற் கொண்டுவந்த சட்டத்தை, கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றும் ஒரு தனியார் இராணுவப் பள்ளியும் எதிர்த்தன. நாட்டின் உயர் நீதிமன்றம் 1925 இல் அச்சட்டத்தைத் தள்ளிற்று. பிள்ளை அரசின் வெறும் உடைமையன்று, பெற்றோர்க்கும் உரிமையுண்டு என்ற அத்தீர்ப்பை இல்லக் கல்வியாளர் யாவரும் எடுத்துக்காட்டுவர். பள்ளிகளை நியாயமான அளவிற் பார்வையிடவும் பரீட்சிக்கவும் அரசுக்கு அதிகாரமுண்டு என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டதை எடுத்துக்காட்டுவோர் குறைவு.

பின்னர் 1972 ஆம் ஆண்டு வந்தது விஸ்கொன்சின் மாநிலத்து அமிஷ் சமூகத்தாரின் வழக்கு. எட்டாம் வகுப்பிற்கு மேல் பிள்ளைகளை அனுப்புவது தமது சமய வாழ்வுக்கு மாறு என்று அவர்கள் வாதித்தனர், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட மூச்சிலேயே ஒன்றையும் சொல்லிவைத்தது. தோறோ வால்டன் குளக்கரையிற் சென்று தனித்து வாழ்ந்ததுபோல, இவர்களும் தம் சொந்தத் தத்துவ எண்ணத்தால் உலகை மறுத்திருந்தால் இந்தப் பாதுகாப்புக் கிடைத்திராது என்பது அதன் கருத்து. காந்தியடிகள் போற்றிய அதே தோறோதான். 1837 இல் தம் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்து, மாணாக்கரை அடிக்கும்படி வற்புறுத்தப்பட்டதாற் சில நாட்களிலேயே வேலையை உதறி, மறு ஆண்டு சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கித் தமையனாரோடு நடத்தியவர் அவர். கல்வியின்பொருட்டு மனச்சாட்சியைக் காத்த ஒருவரையே, மனச்சாட்சி போதாது என்பதற்கு உதாரணமாக நீதியரசர் தேர்ந்தமை விந்தையே.

இந்த வேறுபாட்டின் கூர்மை மிச்சிகன் மாநிலத்திலே வெளிப்பட்டது. வீட்டிற் கற்பிப்பதாயினும் அரசின் சான்றிதழ் பெற்ற ஆசிரியரைக் கொண்டே கற்பிக்கவேண்டும் என்று அங்கு சட்டம் இருந்தது. இரு குடும்பங்கள் அதனை எதிர்த்தன. 1993 ஆம் ஆண்டு மே மாதம், ஒரே நாளில், ஒரே நீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கிற்று. டி ஜோங் வழக்கிலே பெற்றோர் சமய விசுவாசத்தை முன்வைத்தனர். அவர்களுக்குச் சான்றிதழ் விதி செல்லாது என்று நீதிமன்றம் விலக்களித்தது. பெனற் வழக்கிலே பெற்றோர் மதத்தைச் சொல்லவில்லை. தம் பிள்ளையின் கல்வியைத் தாமே நடத்தும் பெற்றோர் உரிமையை மட்டும் சொன்னார்கள். அவர்கள்மீதிருந்த குற்றத் தீர்ப்பு நடைமுறைக் குறை காரணமாக விலக்கப்பட்டதாயினும், சான்றிதழ் விதி அவர்களுக்குச் செல்லும் என்றே கூறப்பட்டது. ஒரே மேசை, ஒரே அட்சரகணிதம்; வேண்டுதல் செய்து தொடங்கினால் ஆசிரியர் வேண்டாம், செய்யாது தொடங்கினால் ஆசிரியர் வேண்டும்! 1996 இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தினாலேயே அங்கு மற்றப் பெற்றோர்க்கும் கதவு திறந்தது. நீதிமன்றம் மறுத்ததைச் சட்டசபை தந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேர்ஜீனியாவில் இன்றும் இரு வாசல்கள் உள்ளன. சமய நம்பிக்கையாற் பாடசாலையை மறுப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு. அதனைப் பெற்றவர் ஆண்டுதோறும் அறிவித்தல் கொடுக்கவோ, பிள்ளையின் முன்னேற்றத்தைக் காட்டவோ வேண்டுவதில்லை. அரசியல், சமூகவியல், தத்துவக் கருத்துகளும், தனிமனித ஒழுக்கக் கோட்பாடும் அந்த விலக்குக்குப் போதா என்று சட்டமே வாய்விட்டுக் கூறுகிறது. மற்றையோர் ஓகஸ்ட் 15 ஆந் திகதிக்கு முன் அறிவித்தல் கொடுத்து, மறு ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதிக்குள் முன்னேற்றத்துக்குச் சான்று காட்டவேண்டும். இரண்டாவது வாசல் கடுமையானது என்று நான் கூறமாட்டேன். முதல் வாசலில் எவரும் கேள்வி கேட்பதில்லை என்பதே என் குறை.

இவற்றையெல்லாம் வாசித்தபின் எனக்கு ஒரு முடிவு தோன்றிற்று. அதனை அவளுக்கும் எழுதினேன். அமெரிக்க இல்லக் கல்வியாளரிடையே அரசின் விதி என்றாற் பகை என்றொரு மனப்பாங்கு ஊறியிருக்கிறது. 1983 இல் நிறுவப்பட்ட, கிறிஸ்தவச் சார்புடைய சட்டப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அம்மனப்பாங்கை வளர்த்து வந்திருக்கிறது. அது வழக்குகளிற் செய்த உதவியையும் மறுப்பதற்கில்லை. ஆனால் சமயச் சார்பற்ற பெற்றோர் அப்பகையை அப்படியே கடன்வாங்குவது பேதைமை. விசுவாசிக்குப் பின்னால் அரசியலமைப்பின் சமய சுதந்திரம் நிற்கிறது. இவர்களுக்குப் பின்னால் நிற்பது அந்தந்த மாநிலத்தின் எழுதப்பட்ட விதி ஒன்றே. அந்த விதி தளர்ந்தால் முதலில் நிலை தளர்வோர் இவர்களே.

மதத்தைத் துணைக்கு அழையாத பெற்றோர் வழக்கு வென்றதுமுண்டு. நியூ ஜேர்சி மாநிலத்தில் 1967 இல் நடந்த மாஸா வழக்கிலே, உயர்தரப் பாடசாலைப் படிப்போடு நின்ற ஒரு தாய், மகளுக்குத் தான் வீட்டிற் கற்பித்த பாடங்களையும் குறிப்புகளையும் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தாள். பாடசாலைக்குச் சமமான கல்வி வேறிடத்திற் கிடைத்தாற் போதும் என்று அம்மாநிலச் சட்டத்தில் இருந்த சொற்களே அவளைக் காத்தன. இயக்கம் முழுவதற்கும் தொடக்கத்திலே குரல் கொடுத்தோருள் ஒருவராகிய ஜோன் ஹோல்ற்றும் மதம் பேசியவரல்லர். வகுப்பறையில் ஆசிரியராயிருந்து, பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964 இல் நூலெழுதி, 1977 இல் இல்லக் கல்விக்கென ஒரு சஞ்சிகை தொடங்கி, 1985 இல் மறைந்தார். பாடசாலையைப் பற்றி அவர் சொன்னவற்றிற் பாதியை நான் ஒப்புக்கொள்ளேன். பிள்ளை பயத்தினாற் பொய்விடை சொல்லப் பழகுகிறது என்று அவர் கண்டது மட்டும் என் அனுபவத்திலும் உண்மை.

இனி, தொடங்குவது எப்படி என்ற விஷயம். அவள் முதற்கண் செய்த தவறு அயலாரைக் கேட்டது. கற்பிப்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றாள் ஒருத்தி. ஒருவருக்கும் சொல்லவேண்டியதில்லை, நாளைக்கே மறித்துவிடு என்றாள் மற்றவள். முதலாமவள் சொன்னது நியூயோர்க்கில் எக்காலத்துக்கோ உரிய வதந்தி. இரண்டாமவள் சொன்னது ரெக்சாசில் உண்மை. அங்கே வீடு ஒரு தனியார் பாடசாலையாகக் கருதப்படும் என்று 1994 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை என்ற ஐந்தையும் உண்மையாகக் கற்பித்தாற் போதும், அறிவித்தல் வேண்டாம். நியூயோர்க்கிலே அவ்வாறு பேசாமல் மறித்தால், வராத பிள்ளையைத் தேடி அதிகாரிகள் வீட்டுக்கு வருவர். ஆகவே மாநிலக் கல்வித் திணைக்களம் வெளியிட்டுள்ள விதியின் மூலத்தையே எடுத்து, பென்சிலோடு இருந்து வாசி என்று எழுதினேன். ஆணையாளரின் விதிகளில் 100.10 என்ற பிரிவு அது. 1988 இல் வந்தது. நீளமானதுமன்று.

அதன்படி, யூலை முதலாந் திகதிக்குள் பாடசாலை வட்டாரத்து அத்தியட்சருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆண்டின் இடையிலே தொடங்குவோர் தொடங்கிய 14 நாளுக்குள் கொடுக்கலாம். பத்து வேலைநாட்களுக்குள் அலுவலகம் விதியின் பிரதியையும் படிவத்தையும் அனுப்பும். அவை கிடைத்து நான்கு வாரத்துக்குள், அல்லது ஓகஸ்ட் 15 இற்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள், அவ்வாண்டு இன்ன பாடத்தை இன்ன நூல்கொண்டு கற்பிப்போம் என்ற திட்டத்தை அனுப்பவேண்டும். பின் ஆண்டுக்கு நான்கு காலாண்டு அறிக்கைகள். முடிவில் ஒரு மதிப்பீடு. ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணித்தியாலம், அதற்குமேல் 990. கணிதமும் வாசிப்பும் பூகோளமும் சங்கீதமும் தேகாப்பியாசமும் மட்டுமன்றி, வீதி ஒழுங்கும் துவிச்சக்கரவண்டிப் பாதுகாப்பும் தீப்பாதுகாப்பும்கூடப் பாடங்கள். துவிச்சக்கரவண்டியைக் கண்டு நான் சிரித்தேன். பையன் அதையே முதலிற் படிக்க விரும்பினானாம்.

அயல் மாநிலமாகிய பென்சில்வேனியாவுக்கு நாளை அவர்கள் குடிபெயர்ந்தால் இதெல்லாம் மாறிவிடும். அங்கே சத்தியக் கடதாசியோ அதற்கு நிகரான பிரகடனமோ கொடுக்கவேண்டும்; பிள்ளையின் ஆக்கங்களைத் தொகுத்து வைத்துத் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் காட்டவேண்டும்; 3, 5, 8 ஆம் வகுப்புகளில் நியமப் பரீட்சை உண்டு. கலிபோர்னியாவிலோ இல்லக் கல்வி என்ற பெயரிற் சட்டமே இல்லை. வீட்டைத் தனியார் பாடசாலையென ஒக்டோபர் முதலாந் திகதிக்கும் 15 ஆந் திகதிக்கும் இடையிற் பதிவது வழக்கம். அங்கு 2008 பெப்ருவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சான்றிதழில்லாப் பெற்றோர் கற்பிக்கலாகாது என்று தீர்த்து, ஓகஸ்டில் அதனைத் தானே மாற்றிக்கொண்டது. அந்த ஆறு மாதமும் அம்மாநிலத்துப் பெற்றோர் எவ்வாறு உறங்கியிருப்பர்! எழுதிய சட்டம் இல்லாவிடத்துச் சுதந்திரம் அத்துணை மெல்லிய நூலிலே தொங்குகிறது.

திட்டத்தை எழுதும்போது ஆசையை அடக்கு என்றும் சொன்னேன். முதல் வரைவில் அவள் சமஸ்கிருதமும் சதுரங்கமும் கோள்களின் இயக்கமும் சேர்த்திருந்தாள். எழுதியது யாவும் காலாண்டுதோறும் கணக்குக் கொடுக்கவேண்டியது. கேட்டதைக் கொடு, கேளாததைக் கொடாதே, இரண்டிற்கும் பிரதி வைத்துக்கொள், தபாலைப் பதிவுத் தபாலாக அனுப்பு. வரவு இடாப்பு ஒன்று வை. பையனுடைய கொப்பிகளிலே திகதி இடு. ஓய்வுபெற்ற ஆசிரியன் வேறென்ன சொல்லுவான்?

நூல் தெரிவிலேதான் அவள் மிகவும் களைத்தாள். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டு என்று துணிந்து கூறும் விஞ்ஞான நூல்களை இனங்காண்பது எளிது; அவை தம் கொள்கையை அட்டையிலேயே அறிவித்துவிடுகின்றன. அவற்றினும் சங்கடம் தருவன, 'நடுநிலை' என்ற பெயரோடு வருபவை. அவை கூர்ப்பைப் பற்றிப் பொய் சொல்லமாட்டா, ஒன்றுமே சொல்லமாட்டா. பூமிக்கு ஏறக்குறைய 450 கோடி ஆண்டு என்ற வசனமும் இராது, டார்வினும் இரார். தவளையும் பறவையும் திமிங்கிலமும் உறவின்றி அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கும். இருதரப்புக்கும் விற்கவேண்டிய வணிகரின் மௌனம் அது. எந்த நூலாயினும் பொருளடக்கத்தைப் பார், கூர்ப்பும் புவிச்சரிதவியலும் எத்தனை பக்கம் என்று எண்ணு, அதன்பின் விலையைப் பார் என்றேன். முடிவில் அவள் ஊர்ப் பொதுநூலகத்தையே பெரிதும் நம்பினாள். வாரம் முப்பது நூல் கொண்டுவருகிறாளாம். அந்த நாட்டில் எனக்குப் பொறாமை தரும் பொருள் ஒன்றுண்டெனில் அது அந்த நூலகங்களே.

சங்கமும் பின்னர் கிடைத்தது. கையெழுத்துக் கேளாத ஒன்று. நாற்பது மைல் தூரம். வியாழக்கிழமைதோறும் கூடுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாது விட்டால் நேர்மையாகாது. இதற்கெல்லாம் அவள் தன் உத்தியோகத்தைப் பாதி நேரமாக்கிக்கொண்டாள். இரு சம்பளமும் இன்றியமையாத வீட்டில், தனித்து நிற்கும் தாயின் வீட்டில், இவ்வழி பெரும்பாலும் அடைபட்டதே. பாடசாலை எல்லோர்க்கும் உரியது என்ற என் பழைய பிடிவாதம் இவ்விடத்திலே இன்னும் தளரவில்லை.

இனி மறுதரப்புக்கு வருவோம். அரசுக்கு வீட்டுக்குள் என்ன வேலை என்று அவளுடைய வியாழக்கிழமைச் சங்கத்திலும் சிலர் கேட்கின்றனராம். 2018 ஜனவரியிற் கலிபோர்னியாவிலே பதினேழு வயதுப் பெண்ணொருத்தி யன்னல் வழியே தப்பியோடிப் பொலிசாரை அழைத்தபின், பதின்மூன்று பிள்ளைகள் இருந்த அவ்வீட்டிலே, பட்டினியால் மெலிந்தவர்களும் சங்கிலியிற் கட்டுண்டவர்களும் கண்டெடுக்கப்பட்டனர். அவ்வீடு சட்டப்படி ஒரு தனியார் பாடசாலை. தந்தை அதன் அதிபர். அங்கே பாடம் நடக்கிறதா என்று பார்க்கும் கடமையைச் சட்டம் எவர்க்கும் விதித்திருக்கவில்லை. ஒரு கொடிய குடும்பத்தைக் காட்டி நல்லோர் இலட்சம் பேரைச் சந்தேகிப்பதா என்பர். பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் வீட்டில் வதைபடுவதுண்டு என்பர். உண்மையே. ஆனால் நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஒரு பிள்ளையின் முதுகிலிருந்த தழும்பைக் கண்டது சத்துணவு கொடுக்கும் நேரத்திலே. கேட்டபின்னர்தான் அவ்வீட்டுக் கதை வெளிவந்தது. பார்க்க ஒருவர் இருந்தபடியால் நடந்த காரியம் அது. இல்லக் கல்வியில் வளர்ந்து பெரியவர்களான சிலரே 2013 இல் ஓர் அமைப்பை நிறுவி, பிள்ளைகளின் பொருட்டு விதி வேண்டும் என்று கேட்டு வருகின்றனர். அவர்களுடைய சொல்லுக்குப் பெற்றோரின் சொல்லிலும் கனம் அதிகம் என்பது என் எண்ணம்.

இல்லக் கல்வியைப் பொதுவாகத் தடைசெய்து, தகுந்த காரணம் காட்டுவோர்க்கு மட்டும் அனுமதிக்கவேண்டும் என்று ஹார்வாட் சட்டப் பேராசிரியை எலிசபெத் பார்தொலே 2020 இல் எழுதினார். அதற்கு நான் உடன்படேன். அனுமதி கொடுக்கும் அதிகாரி, காரணத்தையும் எடைபோடுவார். சமயக் காரணம் கனமாகவும், எட்டு வயதுப் பிள்ளையின் இருட்டுப் பயம் இலேசாகவும் அவருடைய தராசிலே விழலாம். எனக்கு வேண்டியது சிறிது. தொடங்குவோர் யாவரும் அறிவிக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் பிள்ளையையும் அதன் கொப்பியையும் பார்க்கட்டும். இது விசுவாசிக்கும் மற்றவனுக்கும் ஒரே மாதிரியாய் இருக்கட்டும். நியூயோர்க்கின் நான்கு அறிக்கைகள் சற்று அதிகமென்றே நினைக்கிறேன், இரண்டு போதும். ரெக்சாசின் மௌனத்திலும் அந்த நான்கு எனக்கு மேலாகத் தோன்றுகின்றன.

விதி, பெற்றோரைக் காவல் காப்பதோடு பெற்றோருக்குக் காவலாயும் இருக்கும் என்பதைப் புரட்டாதியில் நடந்த ஒரு சம்பவம் காட்டிற்று. வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். இவள் நடுங்கிப்போய், அன்றிரவே விதியை மீண்டும் எடுத்து வாசித்தாள். பிள்ளையின் மதிப்பீடு குறைந்து, திட்டம் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, அதன்பின்னும் அது நடைபெறவில்லை என ஐயுற நியாயமிருந்தாலன்றி வீட்டுக்கு வரும் உரிமை அவர்களுக்கில்லை. அப்போதுங்கூட மூன்று நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்கவேண்டும். மறுநாள் மரியாதையாக அப்பிரிவைச் சுட்டி ஒரு கடிதம் அனுப்பினாள். "தவறுதலாகக் கேட்டுவிட்டோம்" என்று பதில் வந்தது. விதியை வெறுத்து வாசியாது விட்டிருந்தால் கதவைத் திறந்திருப்பாள். அல்லது சண்டை பிடித்திருப்பாள்.

கார்த்திகை நடுப்பகுதியில் அனுப்பிய முதலாம் காலாண்டு அறிக்கையின் பிரதியொன்றை எனக்கும் அனுப்பியிருந்தாள். ஒன்றரைப் பக்கம். கணிதத்திலே பின்னம் தொடங்கியிருக்கிறான். பூகோளத்திலே ஹட்சன் ஆறு. தீப்பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ், வீட்டின் படம் வரைந்து வெளியேறும் வழிகள் இரண்டை அடையாளமிட்டான் என்றும், வழியைப் பழகுவதற்காக விளக்கைத் தானே அணைத்து, சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை சென்றான் என்றும் எழுதியிருக்கிறாள். 'தானே' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு கிழித்திருந்தாள். அலுவலகத்துக்கு அனுப்பிய பிரதியில் அந்தக் கோடு இராது. அடுத்த அறிக்கை மாசியில்.